ஊர்காவற்றுறைக்கும் ஒரு சீன அம்புக்கூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வது எங்கட ஆக்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. கலியாண வீடு, கோயில் திருவிழா, பஸ், முகநூல், எங்கே நாலு பேர் கூடினாலும் இது நடக்கும். "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர் வந்தது தெரியுமோ?" என்று ஒருவர் தொடங்குவார். பெயரை இரண்டாக உடைப்பார். இரண்டு துண்டுக்கும் ஒரு பொருள் சொல்வார். நடுவில ஒரு ராசாவையும் ஒரு சண்டையையும் செருகுவார். கதை முடிந்தது. கேட்கிறவர்களுக்கும் சந்தோசம்.

தீவுப்பகுதிப் பெயர்கள் என்று வரும்போது இந்த விளையாட்டு விளையாட்டாக நிற்பதில்லை. ஒவ்வொரு தீவுக்கும் மூன்று நாலு பெயர். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஒல்லாந்தர் வைத்த ஒன்று, ஆங்கில வரைபடத்தில் ஒன்று. பெயரின் மூலம் யாருடையதோ, நிலமும் அவர்களுடையது என்கிற மாதிரித்தான் வாதம் போகிறது. பெயரைப் பிரித்துக் காட்டுவது காணி உறுதியைக் காட்டுவது போல ஆகிவிட்டது. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒழுங்கான வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் கிடைக்கிற விடை இரண்டு பக்கத்துச் சண்டைக்காரருக்கும் உதவாது. அதனால்தான் அந்த வழியில் ஒருவரும் போவதில்லை.

அந்த வழியைக் காட்ட முதலில் ஒரு சீன எழுத்தை எடுத்துக்கொள்கிறோம். ஏன் சீன எழுத்து? அதில் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. கோபம் வராமல் பார்க்கலாம். பார்த்துப் பழகின பிறகு ஊருக்குத் திரும்பி வரலாம்.

அந்த எழுத்தின் இன்றைய வடிவம் இதுதான். மேல்பக்கம் திறந்த ஒரு பெட்டி. உள்ளே நடுவில் கொக்கி மாதிரி ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சின்னக் கீறல். எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காக ஒரு கோடு. சீனாவின் பொதுமொழியான மந்தாரினில் இதை 'ஹன்' என்று சொல்வார்கள். சும்மா 'ஹன்' இல்லை. நாங்கள் "என்ன?" என்று கேட்கும்போது குரல் மேலே ஏறுமே, அந்த மாதிரி ஏறுகிற தொனியில் சொல்ல வேண்டும். இன்றைக்கு இதன் பொருள் கடிதம், உறை, பெட்டி. அரசாங்கக் கடிதத்துக்கும் தபால் மூலக் கல்விக்கும் உள்ள சீனச் சொற்களில் இந்த எழுத்து இருக்கிறது.

இதில் அம்பு எங்கே இருக்கிறது? இன்றைய வடிவத்தில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. மூவாயிரம் வருடத்துக்கு முந்தின வடிவத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். சீனாவின் ஷாங் அரச காலத்தில் ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் குறி கேட்டுக் கீறி வைத்த எழுத்துகள்தான் எங்களுக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய சீன எழுத்துகள். அதில் இந்த எழுத்து ஒரு படம். ஒரு கூடு. கூட்டுக்குள்ளே ஒரு முழு அம்பு. கூட்டின் பக்கவாட்டில் இடுப்பில் கொளுவுவதற்கு ஒரு வளையம். அம்புக்கூடு என்று சொல்ல யாருடைய உதவியும் தேவையில்லை.

ஆனால் இந்தச் சின்ன விசயம் சீன அறிஞர்களுக்கே நெடுங்காலம் தெரியாது. கி.பி. 100 அளவில் சூ ஷென் என்ற பேரறிஞர் சீன எழுத்துகளுக்கெல்லாம் மூலம் சொல்லி ஓர் அகராதி எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு அது வேதம் மாதிரி. அவர் இந்த எழுத்துக்குச் சொன்ன பொருள் 'நாக்கு'. எழுத்தின் ஒரு பகுதி நாக்கின் வடிவத்தையும் காட்டுகிறது, ஒலியையும் காட்டுகிறது என்று விளக்கமும் கொடுத்தார். அவர் அறிவில்லாதவர் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் இருந்தது ஆயிரம் ஆண்டுக்கு மேல் கை மாறி, வளைந்து, உருமாறி வந்த வடிவம். குறி எலும்புகள் அப்போது மண்ணுக்குக் கீழே கிடந்தன. அவை எழுத்துள்ள எலும்புகள் என்று அறிஞர்களுக்குத் தெரிய வந்தது 1899 இல்தான். அதன் பிறகு வாங் குவோவெய் போன்றவர்கள் பழைய வடிவங்களை வைத்து, இது அம்பு வைக்கிற கூடு என்று காட்டினார்கள்.

இதில் முதல் பாடம் இருக்கிறது. இன்றைய வடிவத்தை உடைத்து மூலம் சொன்னால் எவ்வளவு படித்தவரும் வழுக்குவார். கிடைக்கிற மிகப் பழைய சான்றுக்குப் போக வேண்டும்.

பொருள் எப்படி அம்புக்கூட்டிலிருந்து கடிதத்துக்கு வந்தது? அதில் பெரிய மர்மம் இல்லை. அம்பை உள்ளே வைக்கிற கூடு, எதையும் உள்ளே வைக்கிற பெட்டி ஆனது. பெட்டி, கடிதத்தை உள்ளே வைக்கிற உறை ஆனது. உறை கடிதமே ஆனது. எங்கட ஆக்கள் "ஒரு கவர் வந்திருக்கு" என்று கடிதத்தைச் சொல்வதில்லையா, அதே மாதிரி. இடையில் மென்சியஸின் நூலில் இதே எழுத்து கவசத்தையும் குறிக்கிறது. அங்கே அம்பு செய்கிறவனையும் கவசம் செய்கிறவனையும் ஒப்பிட்டு, ஒருவனுக்குத் தன் பொருள் ஆளைக் காயப்படுத்தாமல் போய்விடுமோ என்று கவலை, மற்றவனுக்கு ஆள் காயப்பட்டுவிடுவானோ என்று கவலை என்கிறார். அம்பின் வீடாகப் பிறந்த எழுத்து அம்பைத் தடுக்கிற பொருளுக்கும் போய்விட்டது.

இன்னும் தூரமும் போயிருக்கிறது. 1859 இல் லீ ஷான்லான் என்ற கணித அறிஞர் மேலைநாட்டு நுண்கணித நூலொன்றைச் சீனத்துக்குக் கொண்டுவந்தபோது, நாங்கள் உயர்தரத்தில் 'சார்பு' என்று படிக்கிறோமே, அதற்கு இந்த எழுத்தை வைத்தே ஒரு சொல் செய்தார். ஒரு மாறி இன்னொரு மாறியை உள்ளடக்கியிருந்தால் அது சார்பு என்பது அவர் விளக்கம். அம்பை உள்ளடக்கின கூடு, கணக்கில் மாறியை உள்ளடக்குகிறது. யப்பானியரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1946 இல் யப்பான் அரசு பொதுப் பாவனைக்கான எழுத்துப் பட்டியல் போட்டபோது இந்த எழுத்து அதில் இடம்பெறவில்லை. ஆகவே அதே ஒலியுள்ள வேறொரு எழுத்தைப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். சொல்லின் ஒலி அப்படியே இருந்தது. அம்புக்கூடு மட்டும் காணாமல் போனது.

இனி உச்சரிப்புக்கு வருவோம். மந்தாரினில் 'ஹன்' என்று சொன்னோம். தெற்குச் சீனாவின் கன்ரோனிஸ் மொழியில் இது 'ஹாம்'. கொரியாவில் 'ஹம்'. வியட்நாமில் 'ஹாம்'. யப்பானில் 'கன்'. யப்பானியருக்கு 'ஹகோ' என்று இன்னொரு வாசிப்பும் இருக்கிறது, ஆனால் அது பெட்டி என்பதற்கான அவர்களுடைய சொந்தச் சொல், சீன ஒலி இல்லை. இப்போது சொல்லுங்கள், பழைய ஒலியின் கடைசியில் இருந்தது 'ன்' ஆ, 'ம்' ஆ? ஆட்தொகையைப் பார்த்தால் மந்தாரின்தான் பெரியது. தலைநகரமும் அரசாங்கமும் அதன் பக்கம். ஆனாலும் விடை 'ம்' தான். பழைய சீனத்தில் சொல்லின் கடைசியில் நின்ற 'ம்' எல்லாம் மந்தாரினில் 'ன்' ஆகிவிட்டது. எல்லைப்புறத்து மொழிகளும், கடன் வாங்கிக்கொண்டு போன அயல்நாடுகளும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இது ஒரு தனி எழுத்தின் விசேசம் இல்லை. அம்புக்கூட்டுக்கென்றே பின்னால் வந்த இன்னொரு சீன எழுத்து இருக்கிறது. அதன் தலையில் மூங்கிலுக்கான குறி. கீழே 'ஃபு' என்ற ஒலியுள்ள வேறு எழுத்து. மேல்பகுதி இது மூங்கிலால் செய்கிற சாமான் என்கிறது, கீழ்ப்பகுதி எப்படிச் சொல்வது என்கிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பாதி பொருளும் பாதி ஒலியுமாகச் செய்தவைதான், எல்லாம் படம் என்று நினைக்கிறது சரியில்லை. மந்தாரினில் இது 'ஃபு', கன்ரோனிஸில் 'ஃபுக்'. கடைசியில் நின்ற பழைய 'க்' கன்ரோனிஸில் தப்பியிருக்கிறது.

இரண்டாம் பாடம் இதுதான். பழைய ஒலியைத் தேடுகிறவர் தன் வாயை மட்டும் கேட்டால் போதாது. அயலவனின் வாயையும் கேட்க வேண்டும். அவன் வைத்திருக்கிற சொல் எங்கட சொல்லின் 'சிதைவு' என்று தூக்கிப் போட்டால், சில வேளை எங்கட பழைய ஒலிக்கான சாட்சியையே தூக்கிப் போட்டதாக முடியும்.

தமிழில் அம்புக்கூட்டுக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, அம்பறாத்தூணி. அம்பு, அறா, தூணி. அம்பு தீர்ந்து போகாத தூணி. மகாபாரதத்தில் அருச்சுனனுக்குக் கிடைத்த கூடு அந்த மாதிரி, எவ்வளவு எய்தாலும் குறையாது. அந்த ஒரு கூட்டுக்குப் பொருந்துகிற பெயர் இன்றைக்கு எந்த வேடனின் கூட்டுக்கும் பெயர். இதைப் பலர் 'அம்பராத்தூணி' என்று வாசிக்கிறார்கள், அப்படியே எழுதவும் செய்கிறார்கள். ஒரு 'ற' போய் 'ர' வந்தால் 'அறா' என்ற சொல்லே இல்லை. தீராமை என்ற பொருள் முழுக்க அந்த ஒரு எழுத்தில்தான் தொங்குகிறது. எழுத்தும் ஒலியும் ஏன் முக்கியம் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடையாது.

சரி, ஊருக்கு வருவோம். சீனாவிலிருந்து தீவுப்பகுதிக்கு வருவது நாங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரமான பாய்ச்சல் இல்லை. பண்ணைப் பாலத்தால் வந்து மண்டைதீவைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. 1977 இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் துண்டுகள் வெளிவந்தன. ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம், அதாவது சொங் அரச காலத்துச் சாமான்கள். 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து திரும்பவும் அங்கே தோண்டினார்கள். அந்தக் காலத்தில் சீனத்துக் கோப்பையும் சாடியும் ஏற்றின கப்பல் எங்கட கரைக்கு வந்து போயிருக்கிறது.

அந்தக் கப்பல்கள் வந்த துறைக்கு அப்போது என்ன பெயர்? இதற்கு ஊகம் தேவையில்லை, கல்லில் எழுதி இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதை வாசித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் வந்து தங்க வேண்டிய துறை எது, அவர்களுக்குப் பாதுகாப்பு என்ன, கப்பல் உடைந்தால் சரக்கு யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. மன்னனுக்கு யானை குதிரை தேவை, அதனால் அதைக் கொண்டு வருகிறவனுக்குச் சலுகை. அந்தத் துறையின் பெயராகக் கல்லில் இருப்பது 'ஊராத்துறை'. தமிழ்நாட்டில் திருவாலங்காட்டில் உள்ள, அதே நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் இராசாதிராச சோழனின் கல்வெட்டும், பராக்கிரமபாகு கப்பல் கட்டிய துறைகளில் ஒன்றாக ஊராத்துறையைச் சொல்கிறது. இரண்டு அரசுகளுக்கும் பகை. இரண்டு கல்லிலும் பெயர் ஒன்று.

இனி மற்றச் சாட்சிகளைப் பார்ப்போம். சிங்களத்தில் அந்த இடம் 'ஊராதொட'. தொட என்றால் துறை. பாளியில் 'சூகரதித்த'. தித்த என்றாலும் துறைதான், சூகரம் என்றால் பன்றி. சிங்களத்தில் 'ஊரா' என்பது பன்றி என்பதால் பாளியில் எழுதினவர் பொருளை மொழிபெயர்த்திருக்கிறார். போர்த்துக்கேயர் வந்து தங்கள் மொழியில் கப்பல்துறைக்குரிய பொதுச்சொல்லான 'கைஸ்' என்பதால் அழைத்தார்கள். அதுதான் ஆங்கில எழுத்தில் ஒரு 'ற்' சேர்ந்து கைற்ஸ் ஆனது. ஒல்லாந்தர் தீவுக்கே லைடன் என்று பெயர் போட்டார்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று தங்கள் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அவற்றில் டெல்ஃப்றும் லைடனும்தான் வரைபடத்தில் பிழைத்தன.

எங்கட இன்றைய எழுத்துத் தமிழில் இந்த இடம் ஊர்காவற்றுறை. ஊரைக் காவல் காக்கிற துறை. பொருள் பளிச்சென்று தெரிகிறது. அதுதான் எங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். 800 வருடத்துக்கு முந்தின கல்லில் 'காவல்' இல்லை. 'ஊராத்துறை' என்ற ஒலி பொருள் விளங்காத ஒலியாக ஆனபோது, விளங்குகிற சொற்களைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். சூ ஷென் அம்புக்கூட்டில் நாக்கைக் கண்டது போல நாங்கள் ஊராவில் ஊர்காவலைக் கண்டிருக்கிறோம். இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. உலகம் முழுக்க நடக்கிறது.

"அப்ப பன்றித்துறை என்பதுதான் சரி, அது சிங்களப் பெயர்" என்று எதிர்ப்பக்கம் துள்ளிக் குதிக்கத் தேவையில்லை. 'ஊரா' என்ற ஒலிக்குத் தன் மொழியில் ஒரு பொருள் இருப்பதால் ஒருவர் அதை மொழிபெயர்த்தார் என்பதற்குத்தான் பாளிப் பெயர் சான்று. கல் தருவது பெயரின் ஒலியை, பொருளை இல்லை. ஒலி ஒத்துப்போவது மட்டும் மூலத்துக்குப் போதாது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலில் நிற்கிற கோட்டைக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித்தொடையின் குதிக்கால் என்று பொருள். பன்றித்துறைக்குப் பக்கத்தில் பன்றித்தொடைக் கோட்டை! வட்ஸ்அப்பில் போட்டால் ஒரு நாளில் ஊர் முழுக்கப் பரவும். ஆனால் அந்தப் பெயருக்குக் காரணம் இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்புப்போட்டுக் காயவைத்த பன்றித்தொடை மாதிரித் தெரிந்தது என்பதுதான். ஊராவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தற்செயல் இவ்வளவு அழகாகவும் வரும்.

யப்பானின் வடக்கே ஹகொடாதே என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதன் பெயரின் முதல் எழுத்து நாங்கள் மேலே சொன்ன அதே அம்புக்கூட்டு எழுத்துத்தான். அதை வைத்து 'அம்புக்கூட்டு நகரம்' என்று ஒருவர் கட்டுரை எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1869 வரை அந்த ஊரின் பெயரை, பெட்டி என்று பொருள்படுகிற வேறொரு எழுத்தால் எழுதினார்கள். பிறகுதான் இந்த எழுத்துக்கு மாற்றினார்கள். இரண்டையும் 'ஹகோ' என்றே வாசிப்பார்கள். ஊருக்கும் அம்புக்கும் சம்பந்தமில்லை. எழுத்தின் மூலம் வேறு, ஊர்ப்பெயரின் மூலம் வேறு.

ஆக எங்களிடம் இருக்கிற சான்றுகள் இவ்வளவு: பொலன்னறுவையில் இருந்த சிங்கள மன்னன், நயினாதீவில், தமிழில் ஆணை போட்டிருக்கிறான். அதில் துறையின் பெயர் ஊராத்துறை. அந்த ஒலியை இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருப்பது சிங்களப் பெயர். எங்கட எழுத்துத் தமிழ் அதைக் 'காவல்' போட்டு மூடிவிட்டது. மந்தாரின் 'ம்' ஐ விட, கன்ரோனிஸ் வைத்திருந்த கதைதான். இதில் யாருக்கும் காணி உறுதி கிடையாது. "சிங்களப் பெயர் எல்லாம் பிறகு வந்து ஒட்டினது" என்கிற எங்கட பக்கத்துப் பேச்சுக்கும் இது உதவாது. "வடக்கில் தமிழே பிறகு வந்தது" என்கிற அந்தப் பக்கத்துப் பேச்சுக்கும் உதவாது. அந்த மன்னன் இந்தத் துறைக்கு வருகிற வணிகரோடு பேச வேண்டிய மொழி தமிழ் என்று தெரிந்துதான் தமிழில் எழுதுவித்தான்.

காலியில் 1911 இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்லையும் இங்கே நினைக்கலாம். சீனக் கடற்படைத் தலைவர் ஷெங் ஹ 1409 இல் எழுதுவித்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் இருக்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதியை எழுதினவருக்கு ஒரு சிக்கல் இருந்திருக்கும். சீனத் தூதர்களின் பெயரைத் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது? கேட்ட ஒலியைத் தனக்கிருந்த எழுத்தில் போட்டார், முடிந்தது. ஊராத்துறைக்குச் சிங்களவர் செய்ததும், கைஸுக்கு நாங்கள் செய்ததும் இதே வேலைதான். அயல் ஒலியைத் தன் எழுத்தில் பிடிப்பது களவும் இல்லை, சிதைப்பும் இல்லை.

உச்சரிப்பு என்று வந்தால் எங்களிடமும் ஒரு பழைய சாமான் பத்திரமாக இருக்கிறது. 'காற்று', 'வெற்றி' என்று தீவுப்பகுதியில் ஒரு ஆச்சி சொல்வதைக் கேளுங்கள். நடுவில் வருவது 'ட்ட' வும் இல்லை, 'ட்ர' வும் இல்லை. நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் முரசில் பட்டு வெடிக்கிற ஒலி. தமிழ்நாட்டில் பல இடங்களில் 'வெட்ரி' என்று சொல்வார்கள், பேச்சில் 'காத்து' என்பார்கள். யாழ்ப்பாணத்து வாயில் அந்தப் பழைய வெடிப்பொலி தப்பியிருக்கிறது. அதனால்தான் நாங்கள் ரிக்கற், சிற்றி, ரொறொன்ரோ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தின் அந்த ஒலிக்குக் கிட்ட நிற்பது எங்கட 'ற்ற'. தமிழ்நாட்டார் டிக்கெட், டொரண்டோ என்று எழுதுவது அவர்கள் வாய்க்குச் சரி. சினிமாவும் யூரியூப்பும் பார்த்துப் பார்த்து எங்கட வயதுக்காரர் பலர், ஈழத்து எழுத்து ஏதோ பிழையான எழுத்து என்று நினைத்து வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய கூட்டம் விட்ட ஒலியைச் சின்னக் கூட்டம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக எங்கட தமிழ்தான் சுத்தம் என்று கொடி பிடிக்கவும் வேண்டாம். 'என்று' என்பதை நாங்கள் 'எண்டு' ஆக்கிவிட்டோம், 'கன்று' என்பதைக் 'கண்டு' ஆக்கிவிட்டோம். 'ற்ற' வைக் காத்த அதே வாய்தான் 'ன்ற' வை விட்டது. எந்த மொழியும் எல்லாவற்றையும் வைத்திருப்பதில்லை. ஊர்காவற்றுறை என்பதைப் பெயர்ப்பலகைகளில் 'ஊர்காவற்துறை' என்று எழுதுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண் என்பது போல, காவலும் துறையும் சேர்ந்தால் காவற்றுறை என்பது பழைய புணர்ச்சி விதி. 'துறை' என்ற சொல் தனியாகத் தெரிய வேண்டும் என்று இன்றைய கை அதை 'ற்து' என்று பிரிக்கிறது. நாங்கள் இந்தக் கட்டுரையில் 'ற்று' என்றே எழுதுகிறோம். மற்றதை எழுதுகிறவரோடு சண்டைக்குப் போகமாட்டோம்.

"ஊரில் வேலை இல்லை, தண்ணி இல்லை, படகு ஒழுங்காக ஓடுவதில்லை, நீங்கள் எழுத்தும் ஒலியும் ஆராய்கிறீர்களோ?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. எங்கட பதில் இதுதான். 1990களின் தொடக்கத்தில் தீவுகள் இராணுவத்தின் கைக்குப் போனபோது சனம் சிதறியது. யாழ்ப்பாணம், கொழும்பு, பாரிஸ், லண்டன், ரொறொன்ரோ என்று போனவர்களில் கொஞ்சப் பேர்தான் திரும்பி வந்தார்கள். வெட்டை, துரவு, கட்டு, முனை என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இருந்த பெயர்கள் ஒரு வரைபடத்திலும் இல்லை, வயதானவர்கள் வாயில்தான் இருக்கின்றன. அவர்கள் போனால் அந்த ஒலியும் போகும். பெயர் தெரியாத நிலத்துக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம், எந்தக் கதையும் சொல்லலாம். சீனருக்கு எலும்பு மண்ணுக்குள் காத்திருந்தது. எங்கட ஆச்சி அப்பு அப்படிக் காத்திருக்கப் போவதில்லை.

அதனால் இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் நாங்கள் கேட்பது மூன்று விசயம். ஒன்று, ஊரிலோ வெளிநாட்டிலோ வீட்டில் தீவுப்பகுதிப் பெரியவர் ஒருவர் இருந்தால், அவருக்குத் தெரிந்த காணிப்பெயர், துறைப்பெயர், குளப்பெயர் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்ல வைத்துப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுதி மட்டும் வைக்காதீர்கள். எழுதும்போது நீங்களே விளங்குகிற மாதிரித் 'திருத்தி' விடுவீர்கள், ஊராத்துறைக்கு நடந்தது அதுதான். விளக்கக் கதை சொன்னால் அதையும் பதியுங்கள், ஆனால் பெயர் வேறு, கதை வேறு என்று குறித்து வையுங்கள்.

இரண்டு, அதே இடத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல்கிறார்கள், பழைய போர்த்துக்கேய, ஒல்லாந்த வரைபடங்களில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். எதிரியின் பெயர் என்று தள்ள வேண்டாம். ஒரு நாள் அதுதான் உங்கள் அப்புவின் ஒலிக்குச் சாட்சி சொல்ல வரும்.

மூன்று, பள்ளிக்கூடங்களுக்கும் பிரதேச சபைகளுக்கும். குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவுக்குப் போகிற ஆயிரக்கணக்கான சனத்தில் அந்தக் கல்வெட்டைப் பற்றித் தெரிந்தவர் எத்தனை பேர்? அம்மனைக் கும்பிடப் போகிறவரும் நாகதீப விகாரைக்குப் போகிறவரும் ஒரே படகில்தான் போகிறார்கள். இறங்குதுறையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்து, இங்கே இப்படி ஒரு கல் இருக்கிறது, அதில் இதுதான் எழுதியிருக்கிறது, துறையின் பெயர் அப்போது ஊராத்துறை என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? விளக்கம், உரிமை, பெருமை ஒன்றும் வேண்டாம். கல்லில் இருக்கிறதை மட்டும் போடுங்கள். வாசித்துவிட்டுப் படகில் சனம் தங்களுக்குள் கதைக்கட்டும்.